அரவானிடம் என்ன கேட்பது?

"நாளைக்குச் சாகப்போற சாமிகிட்ட என்னம்மா வேண்டிக்கிறது?"

போன சித்திரையில் அரவான் கோயில் திருவிழாவுக்குக் கூவாகம் போகிற வழியில், வேன் திருக்கோவிலூர்ப் பாலத்தில் ஏறும்போது சின்னவள் இப்படிக் கேட்டாள். நான் மகளாக எடுத்துக்கொண்டவர்களில் கடைசி. இருபத்தொரு வயது, சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. மடியில் வாழை இலையில் சுருட்டிய பூப்பந்து. காலடியில் கட்டைப்பை. அதற்குள் ராத்திரிக்குக் கட்டப் பட்டுப்புடவை, அதன் அடியிலேயே மறுநாளைக்கு வெள்ளைப் புடவை. இரண்டையும் ஒரே பையில் மடித்து வைக்கும்போதே அவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும்.

"வேண்டிக்கவாடி போறோம்? கட்டிக்கப் போறோம்" என்றாள் பின் சீட்டில் இருந்த என் குருபாய், ஒரே குருவிடம் என்னோடு இருந்தவள். வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. 1996இல் இருந்து அந்த ஊருக்குப் போய் வருகிறேன். தாலி கட்டியிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால் எடுத்துச் சொல்ல ஒரு வார்த்தை என்னிடம் இல்லாமல் போயிற்று. அதைத் தேடித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவள் நான். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டுவேன், சோறு குழையக் கூடாது, பந்தி குறையக் கூடாது என்று கேட்பேன். பௌர்ணமிக்கு அண்ணாமலையாரைப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வந்து பிள்ளைகளுக்கு நோய் நொடி வேண்டாம் என்று கேட்பேன். எங்கள் வீட்டில் சேவல் மேல் அமர்ந்த மாதா படமும் உண்டு, நாகூர் தர்கா படமும் உண்டு, வேளாங்கண்ணி மாதாவும் உண்டு. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று கேட்போம். கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களிடம் கேட்பதுதானே வழக்கம்? அரவான் கொடுக்கிற இடத்தில் இல்லை. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அவன் கதை முடிந்துவிடும். தன் தலையையே காப்பாற்றிக்கொள்ள முடியாதவன் என் தலையை என்ன காப்பாற்றுவான்?

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். பாண்டவர்கள் ஜெயிக்க வேண்டுமானால் சாமுத்திரிகா லட்சணம் முப்பத்திரண்டும் உள்ள ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும். அப்படி இருப்பவர்கள் மூன்றே பேர். கிருஷ்ணன் வேண்டும், அர்ச்சுனன் வேண்டும், மிச்சம் அரவான். வடமொழிப் பாரதத்தில் அவன் போர்க்களத்தில் சண்டையிட்டுச் சாகிறான். பலி கொடுக்கிற கதை பெருந்தேவனார் காலத்திலேயே தமிழில் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் அரவான் களப்பலி விடிய விடிய நடக்கும். சாவதற்கு முன்னால் ஒருநாளாவது தாலி கட்டி வாழ வேண்டும் என்கிறான். விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கடைசியில் கிருஷ்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்டுகிறான். மறுநாள் பலி. மோகினி தாலியறுத்து அழுகிறாள். வெட்டுண்ட தலை மட்டும் கண்ணை மூடாமல் பதினெட்டு நாள் போரையும் பார்க்கிறது.

ஆணாக இருந்து பெண்ணாகி அவனைக் கட்டிக்கொண்டதால் திருநங்கைகள் மோகினியின் வாரிசுகள் என்று பத்திரிகைகளில் வருஷா வருஷம் எழுதுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கூத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் அரவான் பக்கம் போய் நின்றுவிடுவேன். மற்ற இரண்டு பேரும் வேண்டும், இவன் போனால் பரவாயில்லை என்று உட்கார்ந்து பேசுகிறார்களே, அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சு அது. அக்கா கல்யாணம் நடக்க வேண்டும், தம்பி ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். குடும்ப மானம் ஜெயிக்க ஒரு பலி வேண்டும் என்றால் லட்சணம் பொருந்திய பிள்ளை யார்?

1991. எனக்குப் பதினேழு வயது.

அதற்கு முந்தைய மார்கழிகளைச் சொன்னால்தான் இது விளங்கும். திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா பஜனைக் கோஷ்டியில் முன்னால் நின்று பாடுவார். விடியற்காலை நாலரைக்குப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். நான் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அப்பாவுக்கு ஒட்டி நடப்பேன். திருவெம்பாவை இருபது பாட்டும் பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்னாலேயே எனக்கு மனப்பாடம். அதில் பதினெட்டாவது, அண்ணாமலையானைப் பாடுகிற பாட்டு. எங்கள் மலை என்பதால் அதை மட்டும் அப்பா இரண்டு தரம் பாடுவார். இறைவன் பெண்ணாகவும் ஆணாகவும் அலியாகவும் நிற்கிறான் என்று மாணிக்கவாசகர் அதில் சொல்கிறார். அந்த இடத்தில் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். அவர் குரல் கொஞ்சம் குழையும். விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி அந்த முகத்தையே பார்ப்பேன். என்னைத்தான் பாடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படி நினைக்க உரிமை உண்டு.

அந்தச் சொல்லை அப்பா வாயிலிருந்து இன்னொரு தரம் கேட்டது வாசல்படியில். அக்காவின் தாவணியை எடுத்துக் கட்டியிருந்த நாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு சொன்னார். அதற்குமேல் அந்த வீட்டில் நான் சாப்பிடவில்லை.

ஒரே சொல், ஒரே வாய். ஒன்றில் கும்பிட்டார், ஒன்றில் துரத்தினார். நம் ஊரின் பக்தி முழுக்க இந்தப் பிளவு ஓடுகிறது என்பது என் முடிவு. கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீசுவரர் வெளியே வருவார். வருஷத்தில் அந்த ஒருநாள், அதுவும் சில நிமிஷம்தான். பாதி ஆண் பாதி பெண்ணாக அவர் ஆடிக்கொண்டு வந்து முகம் காட்டியதும் மலைமேல் தீபம் ஏறும். லட்சக்கணக்கில் ஜனம் அரோகரா என்று கதறும். அந்தக் கூட்டத்தில் கண்ணீர் விட்டுக் கும்பிட்ட மனிதர்தான் மறுநாள் என்னிடம் வாடகைக்கு வீடில்லை என்று சொன்னார். கடை திறப்பு என்றால் எங்களைக் கூப்பிட்டுத் திருஷ்டி சுற்றச் சொல்வார்கள். எங்கள் கை ராசியான கையாம். அதே கடைக்கு மேலே மாடி காலியாக இருந்தால் கைராசிக்காரிக்குச் சாவி கிடைக்காது. சாமியில் இருப்பதை மனிதரில் பார்க்க இவர்களுக்குக் கண் வரவில்லை. போன ஜென்மத்துப் பாவம் என்று எனக்குக் காரணம் சொன்ன சாமியார்களும் உண்டு. போன ஜென்மத்தை நான் பார்க்கவில்லை. இந்த ஜென்மத்தில் என்னை அடித்தவர்களின் பெயர் எனக்குத் தெரியும்.

வீட்டை விட்டு நான் போய்ச் சேர்ந்த பம்பாயில், தாராவியில் என் குரு இருந்தாள். வேலூர்ப் பக்கத்துக்காரி. ரயிலடியில் பசியோடு நின்றவளை யாரோ அவளிடம் கொண்டுபோய் விட்டார்கள். "பாம்படுத்தி" என்று காலைத் தொடச் சொல்லிக்கொடுத்தார்கள். தொட்டேன். "ஜீத்தே ரஹோ" என்றாள். வாழ்ந்திரு என்று அர்த்தம். அவ்வளவு நாளில் என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள்.

1995இல் எனக்கு நிர்வாணம், உடம்பைப் பெண்ணாக்கிக்கொள்கிற அறுவை, ஆயிற்று. இன்றைக்கு அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. எப்படி, எங்கே என்பதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பிறகான நாற்பது நாளைத்தான் சொல்ல வேண்டும். நாற்பது நாளும் கண்ணாடி பார்க்கக் கூடாது. தலை வாரக் கூடாது. பால் சேர்க்கக் கூடாது, வரட்டீதான். ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை. ஜுரத்தில் நான் அனத்திக்கொண்டு கிடந்தேன். குரு எனக்குத் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். வெந்நீர் போட்டுத் துணி முக்கி ஒத்தடம் கொடுப்பாள். சோற்றை ரசத்தில் கரைத்து விரலால் மசித்து ஊட்டுவாள். அவளுக்குக் கரகரத்த குரல், முரட்டுக் கை, பேசினால் பாதி கெட்ட வார்த்தை. ஆனால் அந்தக் கை மலத்துணியை அலசிக் காயப்போட்டது. ஒருநாள் ராத்திரி நான் செத்துப்போகிறேன் என்று அழுதேன். "எனக்கு என் குரு செஞ்சா. அவளுக்கு அவ குரு செஞ்சா. நீ செத்துட்டா உனக்குப் பின்னால வர்றவளுக்கு எவடி செய்வா?" என்று அதட்டினாள்.

நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி, மருதாணி வைத்து, புதுப்புடவை கட்டி, அப்புறம்தான் கண்ணாடி காட்டினார்கள். பால்குடத்தைத் தலையில் வைத்து நடுராத்திரியில் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். அலையில் பாலை ஊற்றினேன். இருட்டில் வெள்ளையாக ஒரு கணம் மிதந்து கலந்துவிட்டது. நாற்பது நாள் எனக்கு மறுத்த பால் அது.

சில வருஷம் முன்பு ஒரு தொண்டு நிறுவனப் பயிற்சியில் மீள்திறன் என்று பலகையில் எழுதினார்கள். நல்ல சொல்தான். ஆனால் எங்களுக்குள் நாங்கள் பேசும்போது அப்படிச் சொல்வதில்லை, தாங்குறது என்போம். "அவ தாங்கிட்டா" என்றால் அவள் துன்பத்தைப் பொறுத்துக்கொண்டாள் என்று ஆகிறது. "அவ என்னைத் தாங்கினா" என்றால் விழாமல் என்னைப் பிடித்துக்கொண்டாள் என்று ஆகிறது. வினை ஒன்றுதான். நம் முன்னோர் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைக்கவில்லை. நாற்பது நாள் அந்தத் தகரக் கூரைக்கடியில் கிடந்து நான் கற்றுக்கொண்டதும் அதுதான். என் உடம்பு தாங்கியதற்கும் அவள் கை தாங்கியதற்கும் நடுவில் கோடு எங்கே என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மன உறுதி என்பது ஒருவர் தனக்குள்ளிருந்து தோண்டி எடுப்பது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பதினேழு வயதில் எனக்குள் தோண்டினால் பயம்தான் இருந்தது. மற்றதெல்லாம் இன்னொருத்தி ஊட்டியது.

ஆனாலும் தாங்க முடியாதது ஒன்று வந்தது. என் குருபாய் ஒருத்தி, எனக்கு மூன்று வயது மூத்தவள். சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். 2003இல் எய்ட்ஸ் நோயில் இறந்தாள். கடைசி மாதங்களில் ஊருக்கு வந்து, விழுப்புரத்தில் ஓர் அறை எடுத்து நாங்கள் மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தோம். மாத்திரை இருந்தது, வாங்கப் பணம் இல்லை. 2004 ஏப்ரல் முதல் தேதி தாம்பரம் உட்பட நாட்டில் எட்டு அரசு மருத்துவமனைகளில் அந்த மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதை இன்று சாப்பிட்டுக்கொண்டு என் வீட்டிலேயே இரண்டு பேர் திடமாக அண்டா தூக்குகிறார்கள். ஒரு வருஷம் அவள் தாங்கியிருந்தால்.

அவள் இறந்த அன்று எங்கிருந்தோ தகவல் தெரிந்து அவளைப் பெற்றவர்கள் வந்தார்கள். பதினைந்து வருஷம் வராதவர்கள். உடம்பை எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இடுப்புவரை வளர்த்திருந்த முடியை வெட்டினார்கள். வேட்டி கட்டி, சட்டை போட்டு, நெற்றியில் பட்டை போட்டு, அவள் துறந்த பெயரைச் சொல்லி அழுதார்கள். எங்களைச் சுடுகாட்டுப் பக்கம் விடவில்லை. நாங்கள் யார் என்று கேட்டார்கள். யார் என்று சொல்வது? ரத்த சொந்தம் இல்லை, காகிதத்தில் பெயர் இல்லை. மலம் அள்ளினோம், மருந்து கொடுத்தோம், அழ மட்டும் எங்களுக்குப் பாத்தியதை இல்லை. மூன்று வருஷம் கழித்து என் அப்பா இறந்தபோதும் இதேதான். தெருமுனை டீக்கடையில் நின்று பறைச் சத்தத்தை மட்டும் கேட்டேன். அம்மாவுக்குத் தாலி அறுப்பதைக்கூட நான் பார்க்கவில்லை.

குருபாய் இறந்த பிறகு வந்த சித்திரையில் கூவாகம் போனோம். தாலி கட்டிக்கொண்டோம். மறுநாள் தேர் ஓடி, பந்தலடியில் தாலியை அறுத்தார்கள். என் கையிலிருந்த வளையல்களை ஓர் அம்மா கல்லில் தட்டி உடைத்தாள். உடைந்த சத்தம் கேட்டதும் எனக்குள் எதுவோ திறந்துகொண்டது. ஒப்பாரி தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போகிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு அழுவார்கள். செத்தவர் பெயரில் ஆரம்பிப்பார்கள், ரெண்டாவது அடியிலேயே அவரவர் துக்கத்துக்குப் போய்விடுவார்கள். பிறந்த வீடு கைவிட்டது, பிள்ளை செத்தது, குடித்துவிட்டு வருகிற புருஷன் அடித்தது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பந்தலடி அப்படி ஓர் இழவு வீடு. அரவான் பெயரில் ஆரம்பித்தேன். என் குருபாயை அவள் உண்மையான பெயரைச் சொல்லி அழுதேன். ஆயிரக்கணக்கானவர்கள் சுற்றி அழுதார்கள். ஒருவர்கூட நீ யார் என்று கேட்கவில்லை. தாலி கட்டியவள், தாலி அறுத்தவள், எனக்கு அழ உரிமை இருந்தது. உலகத்தில் அந்த ஓர் இடத்தில், அந்த ஒருநாள்.

எங்களுக்குக் கல்யாணம் கொடுத்தான் என்பதற்காக அரவானைக் கொண்டாடுகிறார்கள். கல்யாணத்தைவிடப் பெரியது துக்கம் காக்கிற உரிமை என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நம்மைக் காப்பாற்றுகிற சாமிகள் ஏராளம். நாம் யாருக்காக அழ வேண்டுமோ அவர்களுக்காக அழ இடம் கொடுக்கிற சாமி இவன் ஒருவன்தான் எனக்குக் கிடைத்தான்.

இதைத்தான் போன சித்திரையில் சின்னவளிடம் சொல்லப் பார்த்தேன். அவள் ஒப்பவில்லை.

"பொண்ணுங்களைத் தாலியறுத்து, வெள்ளை கட்டி மூலையில உக்கார வெச்ச சடங்கும்மா இது. பெரியாரெல்லாம் எவ்வளவு போராடி ஒழிச்சாங்க. அதைப் போயி நாம தலையில தூக்கி வெச்சுக்கணுமா?" என்றாள்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் அம்மா அந்த மூலையில்தான் உட்கார்ந்தாள். அதற்கு நான் பதில் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். அம்மாவின் வெள்ளை சாகிறவரைக்கும், யாரும் அவளைக் கேட்கவில்லை. எங்கள் வெள்ளை ஊர் திரும்பிக் குளிக்கிறவரைக்கும், அடுத்த வருஷம் மறுபடி மஞ்சள் கயிறு. நாங்கள் அழுது முடித்து எழுந்து வருகிறோம். அவள் தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை, சட்டம் படிக்கிறவள், தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறாள்.

திருநங்கைகளின் கூட்டமைப்பான எங்கள் ஜமாத்தைப் பற்றியும் அவளுக்கு வழக்கு உண்டு. அதுவும் நியாயம்தான். குரு மாறினால் பணம், தவறு செய்தால் தண்டம், மூத்தவள் சொன்னால் இளையவள் வாயைத் திறக்கக் கூடாது. தாங்குகிற கையே ஓங்கவும் செய்கிறது. படிக்கப் போகிறேன் என்று சொன்ன ஒருத்தியை நானே ஒரு காலத்தில் கடை கடையாகக் காசு கேட்க அனுப்பினேன். நான் பட்டதை அவளும் பட வேண்டும் என்று நினைத்தேன் போல. அவள் என்னை விட்டுப் போய்விட்டாள். அந்தக் கடன் என் நெஞ்சில் இருக்கிறது. சின்னவளுக்குக் கல்லூரிப் பணம் கட்டும்போதெல்லாம் அதில் கொஞ்சம் கழிக்கிறேன்.

சட்டமும் மெல்ல எங்கள் வழிக்கு வருகிறது. 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. அதன் பிறகுதான் நான் ஊர்ப்பக்கம் திரும்பி ரேஷன் அட்டை வாங்கினேன். 2014இல் அதே ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் எங்களை மூன்றாம் பாலினம் என்று ஏற்றது. 2019இல் திருநங்கையும் மணமகள்தான் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்யச் சொன்னது. 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைத்தான் சின்னவள் எனக்குப் படித்துக் காட்டினாள். வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவள் தோழியோடு போக விட்ட வழக்கு. குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் அமைவதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். குருபாய் இறந்த அன்றைக்கு அந்தக் காகிதம் எங்கள் கையில் இருந்திருந்தால், யார் நீங்கள் என்ற கேள்விக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்போம்.

வேனில் எங்களோடு ஒரு தம்பியும் வந்தான். திருவண்ணாமலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற திருநம்பி. இருபத்தாறு வயது. பெண்ணாகப் பிறந்ததாக ஊர் சொல்கிறது, தனக்கு நினைவு தெரிந்த நாளாகத் தான் ஆண் என்று அவன் சொல்கிறான். திருநங்கைக்காவது ஜமாத் உண்டு, குரு உண்டு, பாட்டும் கதையும் உண்டு. திருநம்பிகளுக்கு அப்படி ஒரு மடி இல்லை. பெரும்பாலோர் வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டுக் கல்யாணமும் பண்ணி வைக்கப்படுகிறார்கள். ஆணை நேசிக்கிற ஆண்களும் பெண்ணை நேசிக்கிற பெண்களும் இப்படித்தான், சொல்லிக்கொள்ள ஒரு தெருகூட இல்லாமல் இருக்கிறார்கள். எங்களிடம் இருப்பதைப் பகிராமல் நாங்களே வைத்துக்கொண்டிருந்தது எங்கள் குறை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் யார் வந்தாலும் சோறு என்று வைத்த பிறகு இவன் வர ஆரம்பித்தான்.

"உங்க திருவிழால எனக்கு என்னக்கா வேலை?" என்றுதான் வந்தான். தாலி கட்டுகிற ராத்திரி கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. மலைபோல் கற்பூரம் எரிகிறது, கேமராக்காரர்கள் முண்டுகிறார்கள், குடித்துவிட்டு உரச வருகிற ஆட்களை முழங்கையால் தள்ளிக்கொண்டே நிற்கிறோம். பூசாரி எனக்குக் கட்டினார், சின்னவளுக்குக் கட்டினார். திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம். பயந்துவிட்டேன். கும்பலில் அவனை எவனாவது தொட்டுவிட்டால்?

அரை மணி கழித்து வந்தான். மார்பை இறுக்கிக் கட்டியிருந்த துணி வேர்வையில் ஊறிச் சட்டைக்கு மேலேயே தெரிந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்வது நாங்கள் மட்டும் இல்லை. அந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் கூத்தாண்டவர் என்கிற அரவானுக்கு வேண்டிக்கொண்ட ஆண்களும் கட்டிக்கொள்வார்கள். மீசை வைத்த சம்சாரிகள், சின்னப் பையன்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தம்பி அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறான். முன்னால் ஒரு பெரியவர். தோளில் துண்டு, வாயில் வெற்றிலை.

"எந்த ஊரு தம்பின்னு கேட்டாருக்கா. திருணாமலைன்னேன். என்ன வேண்டுதல்னாரு. சொல்லத் தெரியல. சரி சரி, கூத்தாண்டவரு பாத்துக்குவாரு, நெருக்கமா நில்லு, ஆம்பளப் புள்ள தள்ளுக்குப் பயந்தா எப்பிடின்னு முன்னால இழுத்து வுட்டாரு."

இதைச் சொல்லிவிட்டுக் கழுத்துக் கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். எங்களைப் பெண்ணாக்குகிற அதே கயிறு அவனை ஆண்களில் ஒருவனாக எண்ணிவிட்டது. இத்தனை வருஷம் போய் வந்த எனக்கு அந்த வரிசை கண்ணில் பட்டிருக்கிறது, அதில் இப்படி ஒருவனுக்கு இடம் இருக்கிறது என்று தோன்றியதில்லை. அவன் தானாகக் கண்டுபிடித்தான்.

சாகை வார்த்தலில் ஆரம்பித்துப் பதினெட்டு நாள் நடக்கிற திருவிழா அது. தேர் கட்டும்போது சாமியின் உறுப்புகள் சுற்றியிருக்கிற ஊர்களிலிருந்து வந்து சேரும். ஓர் ஊர் அனுப்புவதை இன்னோர் ஊர் அனுப்புவதோடு பொருத்தி உடம்பாக்குவார்கள். மறுநாள் காலையில் தேருக்குக் கீழே நின்று அந்தப் பெரிய முகத்தை அண்ணாந்து பார்த்தோம். உருட்டி விழித்த கண், முறுக்கிய மீசை, கழுத்து கொள்ளாத பூமாலை. ஜனங்கள் விளைச்சலை வாரி வாரித் தேர்மேல் எறிந்தார்கள்.

பந்தலடியில் சின்னவள் அழவில்லை. வளையல் உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள், தாலிக்கயிற்றை அறுத்தார்கள். கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, அறுபதுக்கு மேலிருக்கும், எங்களுக்கு முன்பின் தெரியாதவள், அடித்தொண்டையில் இழுத்து இழுத்து அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவள் அப்படியே கையை நீட்டிச் சின்னவள் தோளில் போட்டாள். கொஞ்ச நேரம் போயிற்று. சின்னவளின் தோள் குலுங்க ஆரம்பித்தது. உயிரோடு இருந்தும் போனை எடுக்காத தன் தாயைச் சொல்லி அழுதாள். கிழவி அவளுக்கு என்னவென்று கேட்கவில்லை. தன் பாட்டை நிறுத்தவும் இல்லை. இரண்டு பேர் குரலும் ஒரே இழுப்பில் ஏறி இறங்கின. தம்பி தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னால் நின்றான். அறுந்த கயிற்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தான்.

குளித்து வெள்ளை கட்டிக்கொண்டு மத்தியானம் வேன் ஏறினோம். யாருக்கும் பேச்சில்லை. கண்ணெல்லாம் வீங்கி, பசி மட்டும் நன்றாக எடுத்தது. உளுந்தூர்ப்பேட்டையில் நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டோம். தம்பி நாலு சாப்பிட்டான்.

திருக்கோவிலூர் தாண்டியபோது சின்னவளிடம் கேட்டேன். "என்னடி, கடைசில உன் சாமிகிட்ட என்ன கேட்ட?"

என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்ணும் கேக்கலம்மா. நான் இங்கதான் இருக்கேன், கண்ண மூடாம பாத்துக்கிட்டே இருன்னு சொன்னேன்."

அப்புறம் தூங்கிவிட்டாள். மறுநாள் ஐந்நூறு பேருக்கு வளைகாப்புச் சமையல் இருந்தது. எலுமிச்சை சாதத்துக்கு எத்தனை பழம் என்று குருபாயோடு கணக்குப் போட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.